தஞ்சைச் சுவரில் தில்லை அம்பலம்: ஓவியத்தை வாசிக்கப் பழக்குவோம்

சமூக அறிவியல் பாடநூலில் படங்களுக்குக் குறைவில்லை. காசு, கல்வெட்டு, சிற்பம், ஓவியம் எனப் பாடத்துக்குப் பாடம் ஏதேனும் ஒன்று இருக்கிறது. ஆனால் வாசித்துக்கொண்டே வரும் மாணவர், படம் வந்ததும் அதன் கீழுள்ள பெயரை மட்டும் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். தேர்வில் படத்திலிருந்து வினா வருவது அரிது என்பதால் நாமும் அங்கே அதிகம் நிற்பதில்லை. பத்தியில் உள்ள செய்தி யாரோ ஓர் அறிஞர் எழுதியது. படமோ அந்தக் காலத்திலேயே உருவான சான்று. அந்தச் சான்றைத் தாமே விசாரிக்கும் வாய்ப்பை மாணவர்களுக்குக் கொடுத்தால் வரலாற்று வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

கடலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு இதற்கு மிகப் பொருத்தமான ஓவியம் ஒன்று உண்டு. அதில் வரையப்பட்டிருப்பது நம் சிதம்பரத்து ஆடல் அம்பலம். அது இருப்பது தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் உட்சுவரில். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் அம்பலத்தை ஓர் ஓவியர் எப்படிக் கண்டார் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. அந்த ஓவியத்தைக் கொண்டு நடத்தக்கூடிய சில பாடவேளைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

இருளில் கிடைத்த ஓவியம்

பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்தான். கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு இடையே ஒரு குறுகிய சுற்றுப்பாதை உள்ளது. வெளிச்சம் அதிகம் புகாத இடம். அதன் சுவர்களில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி என்னும் வரலாற்று ஆசிரியர் அங்கே சென்றபோது, சில இடங்களில் நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்து உள்ளே வேறொரு ஓவியம் தெரிவதைக் கண்டார். அதுதான் சோழர் கால ஓவியம். அதுவரை சோழர் கலை என்றால் கற்சிற்பமும் செப்புத் திருமேனியுமே நினைவுக்கு வந்தன. சோழர்கள் இவ்வளவு தேர்ந்த ஓவியர்களையும் வைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது.

கோவிந்தசாமி பணியாற்றியது சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1929இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது இரண்டு வயது. சிதம்பரத்திலிருந்து சென்ற ஆசிரியர் ஒருவர் தஞ்சைச் சுவரில் சிதம்பரத்தின் ஓவியத்தைக் கண்டெடுத்தார் என்று சொன்னால், நம் மாவட்ட மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர், மேலே இருந்த நாயக்கர் கால ஓவியத்தையும் சிதைக்காமல் பூச்சோடு உரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பதித்துப் பாதுகாத்தனர். மேலே இருந்ததும் பிழைத்தது, கீழே இருந்ததும் வெளிப்பட்டது. சுற்றுப்பாதைக்குள் பொதுமக்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே ஒளிப்படங்கள் வழியாகவே நாம் இந்த ஓவியத்தைப் பார்க்க முடியும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத் திரையோ திறன்பலகையோ இதற்குப் போதும்.

அம்பலத்தில் ஆடல்

ஓவியத்தின் மையத்தில் நடராசர் ஆடுகிறார். அவர் ஆடும் இடம் சரிந்திறங்கும் கூரை கொண்ட ஒரு மண்டபம். ஒருபுறம் அந்தணரும் அடியார்களும் இருக்கிறார்கள். அரச கோலத்தில் ஒருவர், அவருடன் அரசியர், பரிவாரத்தார் என ஒரு கூட்டமே வணங்கி நிற்கிறது. அம்பலத்தில் ஆடல் நிகழ்கிறது. அதைக் காணக் கூட்டம் கூடியிருக்கிறது. ஒரு விழா நாளின் நெருக்கமும் பரபரப்பும் சுவர் முழுவதும் தெரிகின்றன.

அதே சுற்றுப்பாதையில் இன்னொரு சுவரில் சுந்தரர் வரலாறு வரையப்பட்டுள்ளது. கீழ்ப்பகுதியில் திருமண வீடு. அங்கே முதியவர் ஒருவர் ஓலையைக் காட்டி, “நீ எனக்கு அடிமை” என்று வழக்கிடும் காட்சி. மேலே, வெள்ளை யானை மீது சுந்தரரும் குதிரை மீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகிறார்கள். கயிலையில் புலித்தோல் மீது அமர்ந்த சிவபெருமான் முன் ஆடல் மகளிர் ஆடுகிறார்கள். மத்தளமும் தாளமும் ஒலிக்க, உடலை வளைத்து, கையை வீசி நீட்டி ஆடும் அந்தப் பெண்ணின் உருவம், சோழர் ஓவியம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது.

சுந்தரர் பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், ஓலை வழக்கு நடந்த திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளன. 1993 வரை இரண்டும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. எனவே தஞ்சைச் சுவரில் உள்ள இந்த இரண்டு ஓவியங்களும் நம் வட்டாரத்துக் கதைகளே.

கண்டது, கருதியது, உறுதியானது

ஓவியத்தைத் திரையில் காட்டியவுடன் விளக்கத் தொடங்கிவிடக் கூடாது. ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும். பிறகு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போடச் சொல்லலாம். முதல் பத்தி “நான் கண்டது”, இரண்டாவது “நான் கருதுவது”, மூன்றாவது “எதைக் கொண்டு உறுதி செய்வேன்”.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இதைச் செய்தால் முதல் பத்தியிலேயே சிக்கல் வரும். “இராசராச சோழன் நிற்கிறார்” என்று பலர் முதல் பத்தியில் எழுதுவார்கள். அங்கே நாம் ஒரு கேள்வி கேட்டால் போதும். “அவர்தான் இராசராசன் என்று படத்தில் எங்கே எழுதியிருக்கிறது?” வகுப்பு அமைதியாகும். பிறகு ஒருவர் சொல்வார்: “மகுடம் போட்டவர் ஒருவர் நிற்கிறார் என்பதுதான் நாம் கண்டது.” கண்டது எது, கருதியது எது என்ற கோடு அந்த இடத்தில் விழுகிறது.

இந்தக் கோடு அறிஞர்களுக்கும் பொருந்தும். தில்லை ஓவியத்தில் வணங்கி நிற்பவர் இராசராசன் என்பது கலை வரலாற்றாளர்களின் கருத்து. கோயிலைக் கட்டியவன் அவன், தில்லைக் கூத்தனிடம் அவனுக்கிருந்த ஈடுபாட்டுக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன என்பவை அதற்கான காரணங்கள். நல்ல காரணங்கள்தாம். ஆயினும் அது முடிவே தவிர, கண்ணால் கண்ட செய்தி அன்று. அதே சுற்றுப்பாதையில் “இராசராசனும் கருவூர்த்தேவரும்” என்று புகழ்பெற்ற ஓவியம் உள்ளது. அதிலும் உருவங்களின் பெயர் எழுதப்படவில்லை. அவர்கள் வேறு யாராக இருக்கலாம் என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. படத்தின் கீழ் அச்சிட்டிருக்கும் பெயரையும் கேள்வி கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளும் மாணவர், நாளை கைப்பேசியில் வரும் ஒரு படத்தையும் அதன் கீழுள்ள வரியையும் அப்படியே நம்பிவிட மாட்டார். வரலாற்றுப் பாடம் அவர்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பயன் இது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பத்தியை நிரப்பச் சுந்தரர் கதையே உதவுகிறது. சுந்தரர் ஓலையைக் கிழித்துவிட்ட பின், வெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையைக் கேட்கிறார்கள். அதிலுள்ள எழுத்து சுந்தரரின் பாட்டனாருடையதுதானா என்று வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரு சான்றை இன்னொரு சான்றால் சரிபார்க்கும் முறை அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

தமிழாசிரியருக்கும் இங்கே இடம் உண்டு. சுந்தரர் வரலாற்றை நாம் விரிவாகப் படிப்பது சேக்கிழாரின் பெரியபுராணத்தில். அது 12ஆம் நூற்றாண்டு நூல். தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. தஞ்சை ஓவியமோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது. அப்படியானால், சேக்கிழார் பாடுவதற்கு முன்பே இக்கதை ஓவியர்களுக்கும் மக்களுக்கும் நன்கு தெரிந்திருந்தது என்று மாணவர்களே முடிவு செய்வார்கள். நூல் மட்டுமே இருந்தால் இந்த முடிவுக்கு வர முடியாது.

ஆடியவர் யார்?

ஓவியத்தைப் பார்க்கும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. வரைந்தவர் பெயர் என்ன? ஆடுபவர் பெயர் என்ன?

வரைந்தவர் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. கயிலையில் ஆடும் மகளிரின் பெயரும் சுவரில் இல்லை. ஆனால் அதே கோயிலின் கல்வெட்டில் நடனப் பெண்கள் 400 பேரின் பெயர்கள் உள்ளன. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்டுப் பெரிய கோயிலைச் சுற்றிய தளிச்சேரித் தெருக்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அதில் இருப்பவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்கு. ஆட்டுவிக்கும் ஆசான்களுக்கும் இசைப்போருக்கும் பங்குகள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. நெல்லை அளந்த மரக்காலின் பெயர் “ஆடவல்லான்”. தில்லையில் ஆடுபவனின் பெயரே தஞ்சையில் நெல் அளக்கும் கருவிக்கும் வைக்கப்பட்டிருந்தது.

400 பேருக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்று கணக்கிடச் சொன்னால் 40,000 கலம் என்று நொடியில் விடை வரும். அதன் பிறகு “இவ்வளவு நெல்லும் எங்கிருந்து வந்தது? யார் விளைவித்தார்கள்?” என்று கேட்டால், ஓவியத்தில் இடம்பெறாத உழவரும் கணக்கில் வந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் வகுப்பில் சிலர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது உண்டு. கோயிலில் ஆடிய பெண்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த இழிவான பேச்சுகள் பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கின்றன. அதைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடாமல் நேராகப் பேசுவது நல்லது. சோழர் காலக் கல்வெட்டு அவர்களைப் பெயரும் ஊரும் வீடும் ஊதியமும் உடைய கலைஞர்களாகப் பதிவு செய்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த வழக்கம் பெண்களைச் சுரண்டும் முறையாக மாறியது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடும் போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவையும் கேட்ட பிறகு பிள்ளைகள் அந்த ஓவியத்தை மீண்டும் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. கலைத் திருவிழாவில் நடனம் ஆடும் தங்கள் வகுப்புத் தோழியையும் அவர்கள் கூடுதல் மதிப்போடு பார்ப்பார்கள்.

சிதம்பரத்தில் சரிபார்ப்போம்

ஓவியத்தை வகுப்பில் வாசித்த பிறகு, சிதம்பரத்துக்கு ஒரு களப்பயணம் போகலாம். தஞ்சை ஓவியத்தின் அச்சுப் படி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

முதலில் கூரை. சிற்றம்பலம் கருங்கல் விமானம் போல் உயர்ந்ததன்று. மரத்தால் அமைந்து, பொன் வேய்ந்த சரிவான கூரை கொண்டது. படத்தையும் கூரையையும் ஒப்பிட்டால் ஓவியர் எதை மனத்தில் கொண்டு வரைந்தார் என்பது புரியும். தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் முதலாம் பராந்தகன் என்று சோழர் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் இராசராசனுக்கு முந்திய தலைமுறைகளைச் சேர்ந்தவன். ஆகவே தஞ்சை ஓவியரின் காலத்தில் அது ஏற்கெனவே பொன்னம்பலம். ஓவியம், கட்டடம், செப்பேடு ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை.

கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பதும், அது ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்பதும் மரபு வழிச் செய்தி. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டு 60 ஆலும் 24 ஆலும் பெருக்கிப் பார்க்கட்டும். பிறகு தங்கள் மூச்சை ஒரு நிமிடம் எண்ணட்டும். மரபு சொல்லும் எண்ணையும் தாங்கள் அளந்த எண்ணையும் தனித்தனியே எழுத வேண்டும். “கண்டது, கருதியது” என்ற அதே பழக்கம் இங்கேயும் தொடர்கிறது.

அடுத்து நிருத்த சபை. குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற அமைப்புடைய இந்த மண்டபத்தின் அடிப்பகுதியில் ஆடுவோரும் இசைப்போருமாகச் சிறு சிற்பங்கள் உள்ளன. 56 தூண்கள் கொண்டது என்பர். பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

பிறகு கோபுரங்கள். வாயில்களின் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் கட்டங் கட்டமாகச் செதுக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் இணைந்து இயங்கும் ஓர் ஆடல் அசைவு. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பத்தோடு அந்நூலின் வடமொழி வரிகளும் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்திலும் கரணச் சிற்பங்கள் உண்டு. அங்கே 81 மட்டும் முடிந்து, மீதமுள்ள 27 கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. அங்கே ஆடுபவர் நான்கு கைகளுடைய சிவபெருமான். இங்கே சிதம்பரத்தில் ஆடுபவர் பெண், அருகே சிறிய உருவில் இசைப்போர். அதே ஆடலை ஏன் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகக் காட்டினார்கள் என்று கேட்டுவிட்டு விடையை நாம் சொல்லாமல் இருந்தால், திரும்பி வரும் பேருந்துப் பயணம் முழுவதும் விவாதம் நடக்கும்.

கடைசியாகச் சிவகாமியம்மன் சன்னதி. அதன் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. மாணிக்கவாசகர் வரலாறு, பிச்சாடனர் கதை முதலியவற்றைப் பட்டை பட்டையாக வரைந்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கும் அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். தஞ்சையில் மேலே இருந்து மறைத்தது எந்தக் கால ஓவியமோ, அந்தக் காலத்து ஓவியத்தை இங்கே நேரில் காணலாம். கோட்டின் தடிமன், ஆடை, முகம் காட்டப்படும் கோணம் என ஏதேனும் மூன்று வேறுபாடுகளை எழுதச் சொல்லலாம். கோயிலுக்குள் படம் எடுப்பதைத் தவிர்த்து, தாளும் பென்சிலும் கொண்டு வரையச் சொல்வதே சிறந்தது. வரையும்போது கண் கூர்மையாகப் பார்க்கும்.

அறிவியல் ஆசிரியரும் சேரலாம்

சோழர் ஓவியங்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். சுவரின் மேல் இரண்டு அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இருப்பதையும், ஈரம் காயும் முன்பே வண்ணம் தீட்டப்பட்டதையும் அவர் எடுத்துரைத்தார். நீற்றிய சுண்ணாம்பு, காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, காவியும் மஞ்சளும் கரியும் அதற்குள் பிடிபட்டுவிடுகின்றன. வேதியியல் பாடத்தில் வெள்ளையடித்த சுவருக்குச் சொல்லும் அதே வினைதான். பழைய ஓட்டுத்துண்டில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஒரு பாதியில் ஈரத்திலும் மறுபாதியில் காய்ந்த பிறகும் காவி தீட்டி, ஒரு வாரம் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கச் செய்யலாம். சாந்தைக் கையாளும்போது கையுறை அவசியம். நீற்றும் வேலை மாணவர்களுக்கு வேண்டாம்.

பாடவேளைத் திட்டம்

முதல் பாடவேளை: ஓவியத்தை அமைதியாகப் பார்த்தல், முப்பத்தி அட்டவணை, குழு விவாதம்.
இரண்டாம் பாடவேளை: கல்வெட்டுச் செய்தி, நெல் கணக்கு, ஆடல் மகளிர் குறித்த உரையாடல்.
மூன்றாவது: களப்பயணம் அல்லது சிதம்பரச் சிற்பங்களின் படங்கள்.
நான்காவது: ஒவ்வொருவரும் ஒரு பக்க அறிக்கை. அதில் குறைந்தது ஒரு வாக்கியமாவது “இது என் கருத்து, இதற்குச் சான்று இது” என்று அமைய வேண்டும்.

பிற மாவட்ட ஆசிரியர்கள் தங்கள் ஊருக்கு அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சித்தன்னவாசல் தூண்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஏன் இப்போது?

சுவரோவியத்துக்குப் பகை பல. விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, கூரைக் கசிவு, வெள்ளையடிப்பு, தொட்டுப் பார்க்கும் கை, பெயர் கீறும் ஆணி. தஞ்சை ஓவியம் மற்றொரு பூச்சுக்குள் மறைந்திருந்ததால் தப்பியது. சிதம்பரத்து விதானத்துக்கு அப்படி ஒரு மூடி இல்லை. நம் பண்பாட்டு மரபைப் போற்றிப் பாதுகாப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ உறுப்பு கூறுகிறது. அதை மனப்பாடம் செய்து எழுதி ஒரு மதிப்பெண் பெறும் மாணவர், அதே மாலையில் ஒரு கோயில் தூணில் தம் பெயரைக் கீறவும் கூடும். ஓர் உருவத்தை அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்த மாணவர் அந்தச் சுவரில் ஆணியை வைக்க மாட்டார், வைப்பவரையும் தடுப்பார்.

1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடந்து வருகிறது. பல ஊர்க் கலைஞர்கள் வந்து ஆடுகிறார்கள். அடுத்த விழாவுக்கு உங்கள் பிள்ளைகளில் சிலரையேனும் பெற்றோருடன் சென்று வரச் சொல்லுங்கள். மேடையில் ஆடுபவரின் கைவீச்சைக் கோபுர வாயிலில் பார்த்த ஏதேனும் ஒரு கரணத்தோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில் உள்ளது என்று மறுநாள் வகுப்பில் வந்து சொல்லட்டும்.